"வீட்டில் யாருக்காவது இளைப்பு உண்டா?"

இளைப்பு என்றால் ஆஸ்துமா. டாக்டர் இந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் யோசிக்கக்கூட இல்லை, "இல்லைங்க டாக்டர்" என்றேன். 2022 ஐப்பசி மாதம் அது. பாப்பாவுக்கு 5 வயது, யுகேஜி படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியாரும், "எங்க வீட்ல அப்படியெல்லாம் யாருக்கும் இல்லீங்க" என்றார். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த ஒரு பதிலால் எங்களுக்குப் போனது 13 மாதமும் 1,15,100 ரூபாயும். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுச் செலவையும் நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் உண்டு, அதனால்தான் தொகையை நூறு ரூபாய் பிசகாமல் சொல்ல முடிகிறது. யாராவது ஒருவர் எங்களிடம் முன்பே இதையெல்லாம் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். அதனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆரம்பம் வெறும் இருமல்தான். பகலில் நன்றாக ஓடி விளையாடுவாள். ராத்திரி 2 மணி, 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்து இருமுவாள். சளி வராது, காய்ச்சல் இருக்காது. வறட்டு இருமல், ஒன்று மாற்றி ஒன்று, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வரும் வரைக்கும். காலையில் க்ளினிக்குக் கூட்டிப்போனால் அங்கே சிரித்துக்கொண்டு நிற்பாள். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பார், ஒன்றும் கேட்காது. இருமல் சிரப், ஆன்டிபயாடிக், ஐந்து நாள் மருந்து. சில நாள் நெஞ்சு இழுக்கிற சமயத்திலேயே தூக்கிக்கொண்டு ஓடினால் நெபுலைசர் வைப்பார்கள். பத்து நிமிடப் புகை, அதோடு இழுப்பு நின்றுவிடும். நாங்களும் "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். இப்படி 23 முறை. டாக்டர் ஃபீஸ், நெபுலைசர், மருந்து எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 700 ரூபாய்.

இந்த இடத்தில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ராத்திரி இருமலைப் போனில் வீடியோ எடுத்துவையுங்கள். குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்துக் குழியும் விலா எலும்பும் தெரிகிற மாதிரி ஒரு நிமிடம் எடுத்தால் போதும். ராத்திரி 3 மணிக்கு நடப்பதைக் காலை 10 மணிக்கு வாயால் விளக்கவே முடியாது. இரண்டாவது, நெபுலைசர் வைத்தால் இழுப்பு நிற்கிறது என்பதே ஒரு பெரிய துப்பு. அதில் ஊற்றுகிற மருந்து சுருங்கிக் கிடக்கும் மூச்சுக்குழாயை விரித்துவிடும். அதனால் நிம்மதி கிடைக்கிறது என்றால், சுருக்கம் திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்று கேட்டாக வேண்டும். நான் 23 முறையும் கேட்கவில்லை. நின்றதே போதும் என்று திரும்பிவிட்டேன்.

2023 பிப்ரவரியில் வேறொரு க்ளினிக் மாறினோம். எக்ஸ்ரே, ரத்தம், கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளந்து பார்க்கும் மாண்டூ டெஸ்ட், எல்லாம் 4,200 ரூபாய். முடிவில் "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றார்கள். குழந்தைகளுக்கு வரும் டிபி. நம் ஊரில் இருமுகிற குழந்தை உள்ள வீடுகளில் இந்த வார்த்தை தெரியாதவர்கள் குறைவு. ஆறு மாதம் மாத்திரை. பாப்பாவுக்கு ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர் போனது, சாப்பாட்டைக் கண்டாலே ஓடினாள். நான் அழுதுகொண்டே மாத்திரையை நசுக்கித் தேனில் குழைத்து ஊட்டினேன். ஏப்ரல், மே லீவில் என் அம்மா ஊரில், தாராபுரம் பக்கம் கிராமத்தில் இருந்தாள். ஒரு ராத்திரிகூட இருமவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பினோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து திருப்பூர் வந்த நாலாம் நாளே இருமல் வந்துவிட்டது. ஊர் மாறினால் நின்று, திரும்பி வந்தால் வருகிற நோய் டிபியாக எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டிபி என்று சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. டிபி உண்மையாகவே இருக்கிறது, ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் குணமாகும், அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனால் மாண்டூ டெஸ்டில் தடிப்பு வருவது, அந்தக் கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது என்பதற்குத்தான் அடையாளம். நோய் இருக்கிறது என்று அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. சளியையோ இரைப்பை நீரையோ எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. அதைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு மாத்திரையை ஆரம்பியுங்கள். எங்களுக்கு அந்த ஆறு மாதத்துக்கு ஆனது 14,500 ரூபாய்.

இதற்கு நடுவே சொந்தக்காரர்கள் சொன்ன வைத்தியம் ஒவ்வொன்றும் செய்தோம். தூதுவளை ரசம், கற்பூரவள்ளிச் சாறு, நண்டு ரசம், நத்தைக் கறி. ஆடாதோடைக் கஷாயம் என் அம்மா வைத்துக் கொடுத்தார். ஆடாதோடையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இலையில் உள்ள வாசிசினை அடிப்படையாக வைத்துத்தான் இன்றைக்கு சளியை இளக்கும் சிரப்புகளில் சேர்க்கும் புரோம்ஹெக்சின் உருவானது. ஆனால் பாப்பாவின் நோய் சளியில் இல்லை. மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கியிருந்தது. சளியை இளக்கினால் வீக்கம் எப்படி வற்றும்? இந்த வகையில் வண்டிச் செலவோடு 9,000 ரூபாய்.

ரசமும் கஷாயமும் கெடுதல் செய்யவில்லை. கெடுதல் செய்தது நான் அன்பாகச் செய்த வேறு இரண்டு காரியம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டினால் சளி பிடிக்கக் கூடாது என்று சாம்பிராணிப் புகைக்கு நடுவில் நிற்கவைத்துத் தலை உலர்த்தினேன். ராத்திரி கொசு கடிக்கக் கூடாது என்று அவள் கட்டிலுக்கு அடியிலேயே கொசுவர்த்திச் சுருள் ஏற்றிவைத்தேன். காலையில் எவர்சில்வர் தட்டில் சாம்பல் வட்டமாக, சுருள் வடிவம் கலையாமல் கிடக்கும். அதைத் தினமும் கூட்டி அள்ளியது என் கைதான். ஒரு சுருள் எரிந்து தீரும்போது வெளியாகும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதைப் பின்னால் படித்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. இதோடு, மாமியார் வீட்டிலிருந்தே பிசிறு வெட்டும் வேலை செய்வார். டீ-சர்ட் பண்டல்கள் படுக்கை அறையில்தான் அடுக்கியிருக்கும். நூல் தூசி மின்விசிறி இறக்கையில் சாம்பல் நிறத்தில் ஒட்டித் தொங்கும். கிராமத்து வீட்டில் இது எதுவும் கிடையாது. அங்கே ஏன் இருமல் நின்றது என்பதற்கு விடை எங்கள் படுக்கை அறையிலேயே இருந்திருக்கிறது.

2023 தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் முழுக்கத் தெருவில் புகை. பாப்பா மத்தாப்பு மட்டும்தான் பிடித்தாள். 11 மணிக்கு இருமல் ஆரம்பித்தது. ஒன்றரை மணிவாக்கில் இருமலும் நின்றது, விசில் மாதிரி வந்துகொண்டிருந்த சத்தமும் நின்றது. என் கணவர், "தூங்கிட்டா, விடு" என்றார். நானும் விளக்கை அணைக்கப் போனேன். எதற்கோ திரும்பிப் பார்த்தால், அவள் தூங்கவில்லை. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்குக் கீழே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரல் போகிற ஆழத்துக்கு உள்ளே போய் வந்தது. "கண்ணு, தண்ணி வேணுமா?" என்றேன். "தண்..." என்றாள், ஒரு மூச்சு வாங்கினாள், "...ணி" என்றாள். ஒரு வார்த்தையை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

108-க்குப் போன் செய்தோம், ஆம்புலன்ஸிலேயே ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்று நாள் தனியார் ஆஸ்பத்திரி, 46,700 ரூபாய். பணம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அங்கே இருந்த டாக்டர் சொன்ன ஒன்றுதான் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. இழுப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் காற்று போய்வருகிறது என்று அர்த்தம். மூச்சுக்குத் திணறும் குழந்தைக்குச் சத்தம் திடீரென்று அடங்கினால், சத்தம் எழுப்புகிற அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். நாங்கள் அதைத்தான் தூக்கம் என்று நினைத்தோம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, கழுத்துக் குழியும் விலாவும் உள்ளே இழுக்கிறது, உதடோ நகமோ நீலமாகிறது, சோர்ந்து துவள்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆன அடுத்த வாரம் கோயம்புத்தூரில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் போனோம். ஒரு குழாயில் பாப்பாவை வேகமாக ஊதச் சொன்னார்கள். மூச்சுக்குழாய் விரியும் மருந்தைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள். இரண்டாவது தடவை நன்றாகக் கூடியிருந்தது. இதற்கு ஸ்பைரோமெட்ரி என்று பெயர். 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சரியாக ஊத வராது, அவர்களுக்கு அறிகுறியையும் குடும்ப விவரத்தையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவரும் அதையேதான் கேட்டார். "வீட்டில் யாருக்காவது இளைப்பு உண்டா?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் என் கணவர் சொன்னார். "எனக்கு இருந்துச்சுங்க டாக்டர். 12 வயசு வரைக்கும்." மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தின்போது பெண் வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதற்கப்புறம் சொல்ல வாய் வரவில்லை. என்னோடு 9 வருஷம் வாழ்ந்த மனுஷன், மகள் 13 மாதம் இருமுவதைப் பார்த்துக்கொண்டே வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பத்து நாள் பேசவில்லை. அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் மாமியார் ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னார்: "எந்தங்கச்சிக்கு இளைப்புன்னு தெரிஞ்சு மூணு எடம் தட்டிப்போச்சு கண்ணு. அந்தப் பயம்தான்." அந்தப் பயத்தை உண்டாக்கியது அவர் மட்டும் இல்லையே.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் அடுத்த பூகம்பம். "அது கடைசி ஸ்டேஜ்ல குடுக்கறது", "பழகிட்டா விடவே முடியாது", "பொம்பளப் புள்ளைக்கு வேண்டாம்." எனக்கும் பயம்தான். டாக்டர் எனக்குப் புரிகிற பாஷையில் ஒரு கணக்குச் சொன்னார். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து, சிரப்பில் 5 மில்லியில் இருப்பது 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். சிரப் வயிற்றுக்குப் போய் ரத்தம் முழுக்கச் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வரும், அதனால்தான் அவ்வளவு தேவை. சிரப் குடித்த பின் பாப்பாவுக்குக் கை நடுங்கி நெஞ்சு படபடப்பாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். இன்ஹேலர் நேராக வேண்டிய இடத்துக்கே போகிறது. 20-இல் ஒரு பங்கு மருந்துக்குப் பயந்து 20 பங்கை ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு இன்ஹேலர் உண்டு, இது எல்லோரும் குழம்பும் இடம். நீல நிறத்தில் இருப்பது இழுப்பு வந்தால் அந்த நேரத்துக்குக் குழாயை விரிக்க. இன்னொன்று வீக்கத்தை வற்றவைக்கிற, மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு உள்ள தடுப்பு மருந்து. இதை நன்றாக இருக்கும்போதும் தினமும் எடுக்க வேண்டும், எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கலாம். நீலத்தை மட்டும் அடித்துக்கொண்டு காலம் தள்ளுவது ஆபத்து, வீக்கம் உள்ளே அப்படியே இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர் என்கிற குடுவை கட்டாயம். குலுக்கி, குடுவையில் மாட்டி, மாஸ்க்கை முகத்தில் இடைவெளி இல்லாமல் வைத்து, ஒரு முறை அழுத்தி, நிதானமாக ஐந்தாறு மூச்சு. அப்புறம்தான் அடுத்தது. முதல் மாதம் நான் மூச்சுக்கு இடைவெளி விடாமல் இரண்டு முறை சேர்த்தே அழுத்திக்கொண்டிருந்தேன், பாதி மருந்து குடுவையிலேயே ஒட்டிக்கொண்டது. மருந்துக் கடைக்காரர் காட்டிக் கொடுப்பார் என்று விட்டுவிடாமல், டாக்டர் முன்னாலேயே ஒரு முறை செய்துகாட்டித் தவறைத் திருத்திக்கொள்ளுங்கள். ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்கு ஒன்று: 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு இன்ஹேலரைப் பொருத்தினால் அதுவும் நன்றாகவே வேலை செய்யும் என்று தென்னாப்பிரிக்க டாக்டர்கள் 1999-இலேயே நிரூபித்திருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகும் நான் இரண்டு தப்பு செய்தேன். ஆறு வாரம் ஒரு இருமல்கூட இல்லை என்றதும், பொங்கல் சமயத்தில் தடுப்பு இன்ஹேலரை நானாகவே நிறுத்திவிட்டேன். இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை. மாமியார் எந்தப் பயத்தில் மறைத்தாரோ அதே பயத்தில் நானும் மறைத்தேன். மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், பெயர் ஒட்டிக்கொள்ளும் என்று. 2024 பிப்ரவரியில் விளையாட்டு பீரியடில் இழுப்பு வந்துவிட்டது. நீல இன்ஹேலர் வீட்டில் அலமாரியில் இருந்தது. மிஸ் நாற்பது நிமிடம் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு எனக்குப் போன் போட்டிருக்கிறார். எங்கள் நல்ல நேரம், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது.

மறுநாள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு இன்ஹேலர், ஒரு ஸ்பேசர், ஒரு தாள். தாளில் டாக்டர் தமிழிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்: உட்காரவை, படுக்கவைக்காதே. நீல இன்ஹேலர் ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 முறை. 20 நிமிடத்தில் நிற்காவிட்டால் இன்னொரு 4, உடனே ஆஸ்பத்திரி. இது பாப்பாவுக்கு எழுதியது, உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மிஸ்ஸிடம் ஸ்பேசரில் எப்படி அழுத்துவது என்று வராந்தாவில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையை விட வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார். "எங்க பையனும் வெச்சிருக்கான், பேக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சிருப்பான்" என்றார் மெதுவாக. அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று அம்மாக்கள் தனித்தனியாக வந்து பேசினார்கள். 38 பிள்ளைகள் உள்ள ஒரே வகுப்பில் நாலு வீடு, எங்களோடு ஐந்து. வருஷம் முழுக்க ஒரே கேட்டில் நின்றிருக்கிறோம், ஒருவருக்கும் இன்னொருவரைத் தெரியாது. "வீசிங்", "அலர்ஜி", "சளித் தொந்தரவு" என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தோம்.

அப்புறம்தான் இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று தேடிப் படித்தேன். 2019-இல் உலகத்தில் 26 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆஸ்துமா, அந்த ஒரே வருஷத்தில் 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம்தான் இந்தியாவில். ஆனால் சாவில் 40 சதவீதத்துக்கு மேல் நம் நாட்டில். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அந்தத் தீபாவளி ராத்திரிதான் ஞாபகம் வந்தது. நோய் இங்கே அதிகக் கொடூரமாக வரவில்லை. தடுப்பு மருந்து எடுப்பவர்கள் குறைவு, பெயரைச் சொல்லவே பயப்படுபவர்கள் அதிகம்.

என் கணவர் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்கத் துணித் தூசியில் நிற்கிற வேலை. இரண்டு வருஷமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது என்பதை அப்போதுதான் ஒத்துக்கொண்டார். கம்பெனியில் தெரிந்தால் வேலைக்குச் சிக்கல் என்று மாதத்தில் இரண்டு மூன்று நாள் "காய்ச்சல்" சொல்லி லீவு போட்டு வந்திருக்கிறார். சம்பளம் போனது போனதுதான். அவருக்கும் ஊதவைத்துப் பார்த்தோம், இப்போது அவருக்கும் தனியாக இன்ஹேலர். சின்ன வயசில் மறைந்துபோன இளைப்பு பெரியவரான பிறகு திரும்பி வருவது உண்டாம். மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார், கூட வேலை செய்கிற இரண்டு பேரை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார்.

பாப்பாவுக்கு இன்றைக்குத் தடுப்பு இன்ஹேலர், எப்போதாவது நீலம், எல்லாம் சேர்த்து மாதம் 350 ரூபாய்க்குள் முடிகிறது. மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள், இன்னும் குறைவாகக் கிடைக்கலாம். 1,15,100 ரூபாயில் நான் வேலைக்குப் போகாத 41 நாள் சம்பளம் மட்டும் 24,600. காப்பீட்டு அட்டை இருந்தாலும் க்ளினிக், மருந்து, ஸ்கேன் என்று சில்லறையாகப் போகும் செலவுக்கு எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கொசுவர்த்தி போய்க் கொசுவலை வந்துவிட்டது. சாம்பிராணி நிறுத்தியாயிற்று. பண்டல்கள் முன் திண்ணைக்குப் போய்விட்டன, போர்வையும் தலையணை உறையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் அலசி வெயிலில் காய்கின்றன. ஓடக் கூடாது என்று மாமியார் அவளைப் பிடித்து உட்காரவைத்ததுகூட நின்றுவிட்டது. போன மாதம் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் ஓடினாள். நாலாவதாக வந்தாள்.

இரண்டு நாள் முன்னால் ராத்திரி பக்கத்துப் போர்ஷனில் புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டுக் கைக்குழந்தை விடாமல் இருமிக்கொண்டிருந்தது. காலையில் அந்தப் பெண் குழாயடியில் தூக்கக் கண்ணோடு நின்றிருந்தாள். மாமியார் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் கேட்டார்: "நெபுலைசர் வெச்சா நிக்குதா சாமி?" அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். "உங்க வீட்ல, அவுங்க வீட்ல, யாருக்காச்சும் இளைப்பு இருந்துச்சா? எம்பையனுக்கு இருந்துச்சு."